அட்டையில் எழுதிய காயம்

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் மைமூனா பதினான்கு வருஷமாக வேலை செய்தாள். நோயாளியின் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த சதைத் துண்டை மெழுகில் புதைப்பாள். வெங்காயச் சருகை விட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டி, சாயம் ஏற்றிக் கொடுப்பாள். அந்தத் தகட்டைத்தான் ஸ்லைட் என்பார்கள். கென்சரா இல்லையா என்று டொக்டர்மார் அதைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயர் அறிக்கையில் வரும், சீவியவள் பெயர் எங்கேயும் வராது. அதில் அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட அவளுக்கு வேறு விஷயங்கள் ஏராளமாகக் கிடந்தன.

வாய் நீளமானவள் என்று ஊரில் பெயரெடுத்தவள். கூப்பன் கடை வரிசையில் யாராவது இடையில் புகுந்தால், அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் பின்னுக்குப் போகச் சொல்வாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொண்டு நாலரை வருஷம் இருந்தாள்.

2009ஆம் ஆண்டு ஜூன் மாதம். யுத்தம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சந்தியில் கொடி பறந்தது, சோதனைச் சாவடிப் பையன்கள் முதல் தடவையாகச் சிரித்துக்கொண்டு பஸ்ஸை விட்டார்கள். அந்த வாரத்தில் ஒரு நாள் காலையில் சிறிய போத்தல் ஒன்று அவள் மேசைக்கு வந்தது. கூடவே படிவம். பெயர்: ஆதம்பாவா ஸைனுலாப்தீன். வயது: நாற்பத்து மூன்று. எடுத்த இடம்: வலது குதிகால். வரலாறு: சுனாமியில் ஏற்பட்ட காயம், இன்னும் ஆறவில்லை.

ஸைனுலாப்தீன் அவளுடைய கணவன். சுனாமி அலை அவன் காலில் பட்டதே இல்லை. அது மைமூனாவுக்குத் தெரியும். ஏனென்றால் அந்தப் பொய்யைச் சொன்னவளே அவள்தான்.

கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை ஸைனு மாவடிப்பள்ளி வயலில் நின்றான். பெரும்போக வேளாண்மை, வரம்பு உடைந்துகொண்டிருந்தது, விடியலில் சுபஹ் தொழுத கையோடு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தான். கல்முனைக்குடிக் கடற்கரை ஓரத்தில் இருந்த அவர்கள் வீடு அத்திவாரம் மட்டும் மிஞ்சிப் போனது. மைமூனா இரண்டு வயது மகள் நஜ்லாவைத் தோளில் போட்டுக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடித் தப்பினாள். அடுத்த வீட்டு மீராசாஹிபுவின் மனைவி பாத்தும்மா தப்பவில்லை. ஸைனு செய்தி கேட்டு வெறுங்காலோடு ஓடி வந்து, இடிபாட்டுக்குள் மனைவியையும் மகளையும் பின்னேரம் அஸர் தொழுகை நேரம் வரைக்கும் தேடினான்.

பிறகு பள்ளிக்கூட முகாம். எத்தனையோ வாகனம், எத்தனையோ கொடி. உதவிக்கு வந்தவர்கள் நல்லவர்கள்தான். ஆனால் எல்லாருடைய கையிலும் ஒரே கேள்வி இருந்தது: சுனாமியிலயா? ஆமென்றால் கதவு திறந்தது. அதற்கு முன்னால் வந்த நோய்க்கு, யுத்தத்தில் வந்த நோய்க்கு, வறுமையில் வந்த நோய்க்கு அங்கே மேசையே போடப்படவில்லை. அன்று இந்தக் கரையில் நோயாளியாக இருப்பதற்கும் ஒரு தகுதி வேண்டியிருந்தது.

காயப்பட்டவர்களுக்குத் தனி அட்டை கொடுத்தார்கள். அந்த அட்டை இருந்தால் பால்மா முதலில் கிடைக்கும். நஜ்லாவுக்கு வயிற்றோட்டம், மூன்று நாளாகப் பாலில்லை. ஸைனு நொண்டிக்கொண்டு வரிசையில் நின்றான், அவன் குதிகாலில் ஏற்கனவே ஒரு கறுப்பு வெடிப்பு இருந்து கசிந்தது. பேனாவும் கையுமாக நின்ற பெண் அதைக் குனிந்து பார்த்தாள்.

“இது சுனாமியிலயா வந்தது?”

ஸைனு பதில் சொல்ல வாயெடுத்தான். மைமூனா முந்திக்கொண்டாள்.

“ஓம்.”

அந்த ஓமை வைத்து அவளைக் குற்றம் சொல்ல விரும்புகிறவர், மூன்று நாள் பாலில்லாத பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் அந்த வரிசையில் நிற்கட்டும். பிறகு கதைப்போம்.

அட்டையில் எழுதினால் எழுதினதுதான். முகாம் டொக்டர் அட்டையைப் பார்த்து மருந்து கட்டினார். வெளிநாட்டு டொக்டர் ஒருவர் அட்டையைப் பார்த்துப் படம் பிடித்துக்கொண்டு போனார். மருந்துச்சாலையில் அட்டையைப் பார்த்துக் களிம்பு கொடுத்தார்கள். கிளினிக் கொப்பியில் அட்டையைப் பார்த்து எழுதினார்கள், அடுத்த கிளினிக் அந்தக் கொப்பியைப் பார்த்து எழுதியது. காலை நிமிர்த்திப் பார்த்தவர்கள் குறைவு. புண் ஒரு ரூபாய் நாணயக் குற்றியளவு இருந்து உள்ளங்கை அளவாகியது. ஓரம் கறுப்பாகவும் நடு சிவப்பாகவும் கிடந்தது. ஆனால் கொப்பியில் அது எப்போதும் ஆறாத சுனாமிக் காயம்தான்.

மைமூனா கேட்காமல் இல்லை. 2007இல் ஒரு டொக்டரிடம், “ஒரு துண்டெடுத்து டெஸ்டுக்கு அனுப்பினா என்ன டொக்டர்?” என்று கேட்டாள். “காயத்துக்கு எதுக்கம்மா டெஸ்ட்? செருப்புப் போடச் சொல்லுங்க,” என்றார் அவர். கொழும்புக்குக் கொண்டு போய்க் காட்டலாம் என்றால், அந்த நாட்களில் கிழக்கிலிருந்து போகிறவன் லொட்ஜில் படுக்கப் பொலிஸில் பதிய வேண்டும், வழி நெடுகச் சோதனைச் சாவடிகளில் இறங்கி இறங்கி ஏற வேண்டும். நொண்டிக் காலோடு அந்தப் பயணத்தை யார் போவது?

அந்த டொக்டரிடம் அவள் இன்னும் ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். இது சுனாமிக்கு முதலே இருந்தது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்போது வீட்டுத்திட்டத்துக்குப் பெயர்ப்பட்டியல் போட்டார்கள், காயப்பட்டவர்களுக்கு முதலிடம். 2008இல் வீடு கிடைத்தது. கூரைக்குக் கீழே நஜ்லா படித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மைமூனாவின் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஸைனுவோ இதற்குள் அந்தப் பொய்யை நம்பவே தொடங்கிவிட்டான். இடிபாட்டுக்குள் ஓடும்போது தகரம் வெட்டியது, இந்த நீளம், இந்த ஆழம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவான்.

இப்போது புதிதாக வந்த சத்திரசிகிச்சை டொக்டர் ஒருவர் சந்தேகப்பட்டு ஒரு துண்டு வெட்டி அனுப்பியிருந்தார். மைமூனா தன் கணவனின் சதையைத் தானே மெழுகில் வைத்தாள், தானே சீவினாள். துண்டு சிறியது, சீவல் கிழிந்து வீணானால் அவன் காலில் இன்னொரு தடவை வெட்டுவார்கள்.

ஸ்லைட்டைப் பார்த்தவள் டொக்டர் மேனுஜா. காரைதீவுப் பிள்ளை, நோயியல் படித்து முடித்து அந்த வருஷம்தான் வந்திருந்தாள். நுண்ணோக்கியில் செல்களைப் பார்த்தபடி வெகுநேரம் குனிந்திருந்தாள்.

“கலங்கள் பெரிசா, உருண்டையாக் கிடக்கு. எனக்கிது பிடிக்கல்லக்கா,” என்றாள். “ஆனா புண்ணுக்கு நடுவில வெட்டின துண்டு, நிறம் ஒண்டும் இல்ல. நாலரை வருஷக் காயம் எண்டு போட்டிருக்கு. பழைய காயத்தில இப்படி மாற்றம் வாறதுதான். அப்படித்தான் எழுதப் போறன்.”

“எழுதினா என்ன செய்வாங்க டொக்டர்?”

“புண்ணைச் சுத்தி வெட்டித் தோல் ஒட்டுவாங்க.”

“வேற ஏதும் எண்டா?”

“வேற எண்டா, அது கறுப்பு நிறக் கலத்தில வாற கென்சரா இருக்கலாம். மெலனோமா. அது கெட்ட சாமான். அதுக்கு விசேஷமான சாயம் ஒண்டு போட்டுப் பாக்கோணும், இங்க இல்ல, கொழும்புக்கு அனுப்போணும். காரணம் எழுதாம அங்க எடுக்க மாட்டாங்க. கறுப்புப் புள்ளி ஒண்டு முதல்ல இருந்து, பிறகு புண்ணானது எண்டா காரணம் இருக்கு. இந்தப் படிவத்தில அப்படி ஒண்டும் இல்லையே.”

மைமூனா கைகளைக் கழுவிக்கொண்டு, “நாளைக்கு வரைக்கும் அறிக்கை எழுதாம இரிங்க டொக்டர்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். அந்தக் கறுப்பைப் பற்றி அவளுக்கு ஒரு நினைவு இருந்தது, ஆனால் வருஷம் நிச்சயமில்லை. இந்தத் தடவை நிச்சயமில்லாத எதையும் அவள் சொல்லத் தயாராக இல்லை. அதை முதலில் கண்டவரான மீராசாஹிபுவின் வீட்டுக்கு நேராகப் போனாள். அண்ணன் முறையான அவர் வாசலில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

“காக்கா, எங்கட மச்சான்ட குதிகாலில இரிந்த கறுப்பை நீங்க எப்ப கண்ட?”

“அதுவா?” அவர் ஊசியைக் கீழே வைத்தார். “அது நோன்பு மாசம் புள்ள. என்ட தோணிக்கிக் கீல் பூசின கிழமை. அவன் வெறுங்காலோட கரையால பள்ளிக்கி வந்தவன். ஹவ்ழில எனக்கிப் பக்கத்தில இருந்து கால் கழுவக்குள்ள கண்ட. கீல் ஒட்டியிரிக்கி எண்டு நெனச்ச. கீல் இரிந்தா தண்ணி தோலில படாதே, வுழூ கூடாதே. சுரண்டுடா எண்டு நான்தான் செல்லின.”

“சுரண்டினாரா?”

“நான்தான் ஓட்டுத் துண்டு எடுத்துக் குடுத்த. ரெத்தம் வந்திச்சி. கறுப்புப் போகல்ல. மறுகா ஒவ்வொரு வக்துக்கும் சுரண்டுவான் பாவி, தொழுகை கூடாமப் போயிருமெண்டு.”

“எந்த வருஷம் காக்கா?”

“சமாதான ஒப்பந்தம் போட்ட வருஷம். ரெண்டாயிரத்து ரெண்டு. பாத்தும்மா அண்டைக்கி நோன்பு திறக்கக் கஞ்சி குடுத்தனுப்பினது எனக்கி ஞாபகம்.” அவர் முகம் மாறியது. “ஏன் புள்ள, அது கீல் இல்லையா?”

ஐந்து நேரத் தொழுகைக்கும் முன்னால் வுழூச் செய்து கால் கழுவுகிற ஊர். அந்தப் புள்ளியை ஆஸ்பத்திரிகள் காணுவதற்கு முன் பள்ளிவாசல் ஹவ்ழுத் தொட்டியில் கண்டார்கள், கண்டதும் ஓட்டுத் துண்டால் சுரண்டினார்கள். தோலில் தண்ணீர் படவேண்டும் என்ற பேணுதலில் பிழை கிடையாது. உள்ளங்காலில் கறுப்பு வந்தால் காட்டு என்று ஊருக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல ஒருவரும் இல்லாததுதான் பிழை. நுளம்புக்கு நோட்டீஸ் ஒட்டினார்கள், எலிக்காய்ச்சலுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு வந்தார்கள். இதைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

மறுநாள் காலையில் அவள் டொக்டர் மேனுஜாவின் அறைக்குப் போய், கதவைச் சாத்தாமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். பால்மாவைச் சொன்னாள், ஓமைச் சொன்னாள், வீட்டையும் சொன்னாள்.

“ரெண்டாயிரத்து ரெண்டிலயே இரிந்த கறுப்பு டொக்டர். சுனாமிக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. அட்டையில இரிக்கிறது நான் செல்லின பொய். எழுதுங்க. நான் கையெழுத்து வெக்கிறன்.”

மேனுஜா அவளை உட்காரச் சொன்னாள். கொழும்புக்கு அனுப்பும் படிவத்தை எடுத்து எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, தன் மேசையில் கிடந்த காகிதத்தில் ஒரு வட்டம் கீறி, அதற்குள் சிறிய வட்டம் ஒன்று கீறினாள்.

“இதுதான் கலம். உள்ளுக்கு இருக்கிறது கரு. அதுக்குள்ள பெரிய புத்தகம் ஒண்டு இருக்கெண்டு நினையுங்கக்கா. உடம்பில எல்லாக் கலத்திலயும் அதே புத்தகம்தான். எந்தப் பக்கத்தைப் படியெடுத்து வேலை செய்யோணும் எண்டு காட்டுறதுக்குச் சில புரதங்கள் இருக்கு. படியெடுப்புக் காரணி எண்டு சொல்லுறது. நிறக் கலத்தில இருக்கிற காரணிக்கு எம்.ஐ.ரி.எஃப். எண்டு பேர். கறுப்பு நிறத்தை உண்டாக்கு எண்டு சொல்லுறதும் அதுதான், பெருகு, செத்துப் போகாத எண்டு சொல்லுறதும் அதுதான். அளவோட சொன்னா நமக்குத் தோல் நிறம். அளவு மீறினா, சாக வேண்டிய கலத்தையும் சாக விடாது.”

“நிறமில்லாத துண்டில அது எப்படித் தெரியும்?”

“நிறம் போயிடும், கட்டளை போடுறவன் போக மாட்டான். அந்தச் சாயம் அவனைத்தான் தேடிப் பிடிக்கும். கருவுக்குள்ள பிடிச்சா இது நிறக் கலத்து கென்சர்தான்.”

மைமூனா அந்தக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “பிழையான பக்கத்தை ஒருவன் காட்டினா, மத்தவன் எல்லாம் அதையே படியெடுப்பான். எங்கட அட்டையும் அதுதானே,” என்றாள்.

ஐந்து கிழமை கழித்துப் பதில் வந்தது. கருக்கள் எல்லாம் சாயம் பிடித்திருந்தன. ஓகஸ்டில் ஸைனுவின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் தொடை இடுக்கில் நெறி கட்டியது, அதையும் எடுத்தார்கள். பிறகு நெஞ்சுப் படத்தில் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தது. அன்றைக்கு மைமூனா மேனுஜாவிடம் சண்டைக்குப் போவதுபோலப் போனாள்.

“அந்தக் காரணியை நிப்பாட்ட ஒரு குளிசை இல்லையா டொக்டர்?”

“இல்லக்கா. மருந்து போய் ஒட்டிக்கொள்ளப் புரதத்தில ஒரு குழி வேணும். இதில அப்படி நல்ல குழி ஒண்டும் இல்ல. கருவுக்குள்ள புத்தகத்தைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறது, கிட்டப் போறதே கஷ்டம். வெளிநாட்டில வேற ஒரு புரதத்தை அடக்குற குளிசை குடுத்துப் பாக்கிறாங்க. கட்டி சுருங்குதாம், பிறகு சில மாசத்திலயே திரும்பி வருதாம். திரும்பி வாறதுக்கு இந்தக் காரணியும் கைகுடுக்குதோ எண்டு சந்தேகப்படுறாங்க.”

“அந்தக் குளிசை இங்க வருமா?”

“வந்தாலும் இவருக்குச் சரிவருமா எண்டு தெரியா. அது வெள்ளைத் தோல்காரருக்கு வெயிலால வாற வகையில கூடக் காணுற பிழைக்குச் செய்தது. உள்ளங்காலில வாற வகையில அந்தப் பிழை குறைவு. எங்கட புத்தகமெல்லாம் அவங்கட தோலைப் பாத்துத்தான்க்கா எழுதியிருக்கு.”

“அப்ப நம்மட தோலை ஆர் பாக்கிறது?”

மேனுஜா மேல் பிழையில்லை என்று மைமூனாவுக்குத் தெரியும். அன்றைக்கு யார் மேல் பிழை என்று சொல்லவும் ஆள் இல்லை. கோபத்தைக் கொண்டுபோய் வைக்க ஒரு மேசைகூட இல்லாதபடியால், வழக்கம்போல அவள் மெழுகு சீவப் போனாள்.

ஸைனு அதற்குப் பிறகு ஒரு வருஷம் இருந்தான். ஊசி மருந்து ஏற்றினார்கள், நோய் பெரிதாக அடங்கவில்லை. கடைசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், அவள் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தபோது கேட்டான்.

“நான் சுரண்டாம இரிந்திருந்தா இது வந்திரிக்காதா புள்ள?”

“சுரண்டினதால வரல்ல மச்சான். டொக்டர் செல்லினாங்க.”

“முகாமில வெச்சே வெட்டியிரிந்தா?”

மைமூனா கரண்டியைக் கோப்பையில் வைத்தாள். இல்லை என்று சொல்லிவிடலாம், அவன் நம்புவான்.

“தப்பியிரிக்கலாம்,” என்றாள். “பிந்திப் போனது எங்கட பொய்யால இல்ல மச்சான், என்ட பொய்யால.”

“அண்டைக்கி நீ உண்மையைச் செல்லியிரிந்தா காலைப் பாத்திரிப்பாங்களா?” என்று கேட்டான். “அட்டையும் இல்ல, பால்மாவும் இல்ல. அடுத்த ஆள் வா எண்டிருப்பாங்க.” பிறகு கஞ்சியைக் காட்டினான். அவள் பருக்கினாள். அவன் சொன்னது சரி என்பதுதான் அவளை இன்னும் எரித்தது. பொய் சொன்னால் பிழையான மருந்து, உண்மை சொன்னால் மருந்தே இல்லை. இப்படி ஒரு நியாயத்தை எந்த ஊரில் கண்டிருக்கிறோம்?

நோன்புக்கு முந்திய மாதம் அவனை அடக்கினார்கள்.

கைம்பெண்ணுக்குரிய நாலு மாத இத்தா இருந்து முடித்து மைமூனா வேலைக்குத் திரும்பிய கிழமை, இன்னொரு போத்தல் வந்தது. பெயர் தங்கராசா, ஊர் பாண்டிருப்பு. எடுத்த இடம்: இடது பெருவிரல், நகத்துக்குக் கீழே. வரலாறு: சுனாமிக் காயம்.

சுனாமி நடந்து ஏழு வருஷமாகப் போகிறது. மைமூனா போத்தலைத் தொடவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி வார்ட்டுக்குப் போனாள். தங்கராசா அயர்ந்து கிடந்தார். பக்கத்து மர வாங்கில் அவர் மனைவி அன்னப்பிள்ளை பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மைமூனா அவள் பக்கத்தில் போய் இருந்தாள்.

“அக்கா, இவருக்கு இந்த விரல் எப்ப கறுத்தது?”

“சுனாமியிலதான் அடிபட்டது மிஸ்.” அன்னப்பிள்ளை அதை மனப்பாடம்போலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டு, மூலை தேய்ந்துபோன அட்டையை எடுத்து நீட்டினாள்.

மைமூனா அட்டையை வாங்கவில்லை. “என்ட மாப்பிள்ளைக்கும் இப்படி ஒரு அட்டை இரிந்தது. நானும் இப்படித்தான் செல்லின. ஆள் மௌத்தாகி அஞ்சு மாசம்.”

அன்னப்பிள்ளையின் கை நீட்டியபடியே நின்றது. அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

“அதுக்கு முதல் வருஷமே நகத்தில கறுப்புக் கோடு ஒண்டு இருந்தது. இப்ப சொன்னா தந்த வீட்டைப் பறிச்சுப் போடுவாங்களே?”

மைமூனா பேனாவைத் திறந்து, சுனாமிக் காயம் என்ற எழுத்தின் மேல் கோடு இழுத்தாள்.

“பறிக்க வந்தா, முதல்ல என்ட வீட்டுக்கு வரச் செல்லுங்க,” என்றாள். “இப்ப வருஷத்தைச் சரியாச் செல்லுங்க.”